தூரமாக அடிப்பவர்களுக்கு மைதானம் சொல்ல வேண்டிய பதில்

பெரிய கோல்ஃப் போட்டி ஒன்றை நடத்தப்போகும் கிளப்பின் குழு கூடினால், பேச்சு சீக்கிரமே ஒரே இடத்துக்கு வந்துவிடும். தூரமாக அடிக்கும் இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர் டிரைவரை (மிக நீளமாக அடிப்பதற்கான மட்டையை) எடுத்தால் பந்து 320 யார்டு போகிறது; நம் மைதானம் இதைத் தாங்குமா? பதில்களும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஒவ்வொரு ஹோலிலும் முதல் அடி அடிக்கும் இடமான டீயைப் பின்னால் தள்ளலாம் (டீயிலிருந்து குழி வரையிலான பகுதிதான் ஹோல்). ஒட்ட வெட்டிய நடுப்பாதையான ஃபேர்வேயை ஒடுக்கி, அதன் ஓரங்களில் உள்ள உயரப் புல்லான ரஃபை வளர விடலாம். தண்ணீரைக் குறைத்துத் தரையைக் கெட்டியாக்கலாம். சின்ன ஹோல்களையும் நீள ஹோல்களையும் கலந்து வைக்கலாம். குறுக்குவழிகளை எல்லைக் குச்சி நட்டு அடைக்கலாம். இதெல்லாம் வேண்டாம், பந்துக்கான விதி மாறட்டும் என்று காத்திருக்கவும் செய்யலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணமும் உழைப்பும் தரையைக் கெட்டியாக்குவதற்கும் ஹோல்களின் நீளத்தைக் கலப்பதற்கும் போக வேண்டும். பெரும்பாலான குழுக்கள் முதலில் கை வைக்கும் இரண்டு வழிகள், அதாவது நீளத்தைக் கூட்டுவதும் ஃபேர்வேயை ஒடுக்குவதும், தூரமாக அடிப்பவரைக் கட்டுப்படுத்துவதில்லை. நீளத்தைக் கூட்டுவது அவருக்கு உதவியே செய்கிறது.

பிரச்சினை எவ்வளவு பெரியது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் டிரைவின், அதாவது டீயிலிருந்து அடிக்கும் நீள அடியின், சராசரித் தூரம் 1980-ல் சுமார் 257 யார்டு. 2003-ல் 286. 2023-ல் ஏறக்குறைய 300. ஒரு சீசன் முழுவதும் சராசரியாக 300 யார்டைத் தாண்டிய முதல் ஆள் ஜான் டேலி, 1997-ல். அப்போது அது ஓர் அதிசயம். 2023-ல் ரோரி மெக்கில்ராயின் சராசரி 326. டைட்டானியத்தில் செய்த 460 கன சென்டிமீட்டர் டிரைவர் தலை, 2000-ஆம் ஆண்டின் கடைசியில் வந்து பழைய நூல் சுற்றிய பந்தை ஓரங்கட்டிய கெட்டிக் கருப் பந்து, ஒவ்வோர் அடியையும் ரேடார் வைத்து அளந்து திருத்தும் பயிற்சி, ஜிம், நன்றாக வெட்டி உருட்டப்பட்ட ஃபேர்வே எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. ஒன்றை மட்டும் குற்றவாளியாக்க முடியாது.

சரி, இதற்குப் பதில் சொல்லும் முன் நாம் எதைச் சாதிக்கப் பார்க்கிறோம் என்று தெளிவாக இருக்க வேண்டும். பல குழுக்களுக்கு ஸ்கோர்தான் கவலை. வென்றவர் பாருக்கு 20 கீழே போனால் கிளப்பின் மானம் போய்விட்டதாக நினைக்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. பார் என்பது ஒரு ஹோலை முடிக்க இத்தனை ஸ்ட்ரோக் (அடி) என்று ஒப்பிடுவதற்காக வைத்த ஓர் எண்; அதைவிடக் குறைவாக முடித்தால் 'கீழே', கூடினால் 'மேலே'. பார் 5 ஹோல் ஒன்றைப் பார் 4 என்று அட்டையில் மாற்றி எழுதினால், நான்கு நாளில் வென்றவரின் கணக்கில் நான்கு ஸ்ட்ரோக் 'ஏறிவிடும்'. மைதானத்தில் ஒரு புல்கூட மாறியிருக்காது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. தூரமாக அடிப்பவர் டீயில் நிற்கும்போது யோசிக்க வேண்டியிருக்கிறதா? 285 யார்டு அடிக்கும் ஒருவர் தன் இரும்புகளையும் (குழியை நோக்கி அடிக்கும் மட்டைகள்) புட்டரையும் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) நன்றாக ஆடினால் அவரை ஜெயிக்க வழி இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் 'ஆம்' என்று வந்தால் ஸ்கோர் என்னவாக இருந்தாலும் அது நல்ல அமைப்பு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, பிஜிஏ டூர் ஆட்டங்களின் தரவுகளிலிருந்து ஓர் அட்டவணை தயாரித்தார். குழியைக் காட்டும் கொடியிலிருந்து இத்தனை யார்டில், ஃபேர்வேயிலோ ரஃபிலோ பந்து கிடந்தால், குழிக்குள் போட ஒரு தொழில்முறை ஆட்டக்காரருக்குச் சராசரியாக எத்தனை ஸ்ட்ரோக் ஆகும் என்பதே அது. அதன்படி 120 யார்டில் ஃபேர்வே என்றால் 2.85, ரஃப் என்றால் 3.08. 160 யார்டில் 2.98, 3.23. 180-ல் 3.08, 3.31. 220-ல் 3.32, 3.53. ரஃபின் விலை எல்லாத் தூரத்திலும் கால் ஸ்ட்ரோக்கை ஒட்டியே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 320 அடிக்கிறார், நூற்றுக்கு 55 தடவை ஃபேர்வேயில் விழுகிறது. இன்னொருவர் 280 அடிக்கிறார், 65 தடவை ஃபேர்வே. இந்த விழுக்காடுகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. 440 யார்டு பார் 4-ல் முதலாமவருக்கு 120 யார்டு பாக்கி, இரண்டாமவருக்கு 160. டிரைவுக்கு அப்புறம் ஆகும் ஸ்ட்ரோக்குகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால், தூரக்காரருக்கு 2.95, மற்றவருக்கு 3.07. ஒரு ஹோலில் வித்தியாசம் 0.11 ஸ்ட்ரோக். ஒரு சுற்றின் 18 ஹோலில் டிரைவர் எடுக்கும் 14-ம் இப்படியே இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை ஸ்ட்ரோக்குக்கு மேல்.

இது தாங்கவில்லை என்று குழு டீயைப் பின்னால் தள்ளி அந்த ஹோலை 500 யார்டு ஆக்குகிறது. இப்போது பாக்கி 180, 220. அதே கணக்கைப் போட்டால் 3.18, 3.39. வித்தியாசம் 0.21. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! தூரக்காரர் கையில் இன்னும் 8-ஆம் எண் இரும்பு இருக்கிறது (எண் கூடினால் தூரம் குறையும், துல்லியம் கூடும்), கொடியைப் பார்த்து அடிக்கலாம். மற்றவர் கையில் நீள அடிக்கான ஹைபிரிட் மட்டை. கிரீனில், அதாவது குழியைச் சுற்றி மிக ஒட்ட வெட்டிய புல்தரையில், எங்காவது பந்து நின்றால் போதும் என்ற நிலை. யாரை அடக்க நினைத்தோமோ அவருக்கு 0.1 ஸ்ட்ரோக்கைக் கையில் கொடுத்திருக்கிறோம்.

குழுவில் இன்னொருவர், நீளம் வேண்டாம், ஃபேர்வேயை ஒடுக்குவோம் என்கிறார். இருவருக்குமே ஃபேர்வே விழுக்காடு குறைகிறது; 40, 50 என்று வைத்துக்கொள்வோம். 440 யார்டில் 2.99, 3.10. வித்தியாசம் 0.12. ஒன்றுமே மாறவில்லை. எல்லோருடைய ஸ்கோரும் கொஞ்சம் ஏறியது, இடைவெளி அப்படியே இருக்கிறது. காரணம் எளிமையான வடிவக் கணக்குதான். நேர்க்கோட்டிலிருந்து 4 டிகிரி விலகிய அடி 280 யார்டில் ஏறக்குறைய 20 யார்டு ஓரம் போகும், 320-ல் 22. ஃபேர்வேயின் அகலம் 28 யார்டு என்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு 14. இரண்டு பந்துமே ரஃபில்தான். ஆனால் ஒன்று கொடிக்கு 40 யார்டு பக்கத்தில் கிடக்கிறது.

ரஃபை நம்பியவர்கள்

இதைக் களத்திலேயே பார்த்தாகிவிட்டது. 2020 யுஎஸ் ஓபன் (அமெரிக்காவின் பெரிய போட்டிகளில் ஒன்று), விங்ட் ஃபுட் மைதானம். 7,477 யார்டு, பார் 70, கணுக்கால் புதையும் ரஃப். 2006-ல் இதே இடத்தில் ஜெஃப் ஓகில்வி பாருக்கு 5 மேலே போய் வென்றிருந்தார். 2020-ல் பிரைசன் டிஷாம்போ நான்கு நாளில் 56 ஃபேர்வேயில் 23-ஐத்தான் பிடித்தார். பாதிகூட இல்லை. பாருக்கு 6 கீழே முடித்தார். இரண்டாவது வந்த மேத்யூ வுல்ஃப் சரியாக பாரில். பாருக்குக் கீழே முடித்தது டிஷாம்போ ஒருவர்தான்.

இது அதிர்ஷ்டமல்ல, அவர் முன்கூட்டியே போட்ட திட்டம். ஃபேர்வே குறுகலாக இருந்தால் யாருமே பாதிக்குமேல் பிடிக்கப்போவதில்லை. அப்படியானால் ரஃபில் விழுந்தாலும் பக்கத்தில் விழுவதே மேல். அடர்ந்த புல்லிலிருந்து, பந்தைக் குறைந்த தூரத்துக்கு உயரத் தூக்கும் வெட்ஜையோ 9-ஆம் எண் இரும்பையோ வேகமாக இறக்கினால் பந்து வெளியே வந்துவிடும். 5-ஆம் எண் இரும்பு அங்கே சிக்கிக்கொள்ளும். உடல் பலமுள்ளவர், கிளப் (மட்டை) வேகமுள்ளவர், பக்கத்தில் கிடப்பவர் மூவருமே ஒரே ஆள். ரஃப் எவ்வளவு அடர்த்தியாகிறதோ அவ்வளவு அவர் பலம் கூடுகிறது.

அதோடு, அடர்ந்த ரஃப் ஆட்டத்தைச் சுவையற்றதாகவும் ஆக்கிவிடுகிறது. பந்து விழுந்தவுடன் முடிவு தெரிந்துவிடும்: வெட்டி வெளியே போடு. பார்ப்பவருக்கும் ஆடுபவருக்கும் அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. ஃபேர்வேயிலிருந்து தள்ளிப் போகப்போக உயரம் கூடும் படிப்படியான ரஃபை அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ 2006-ல் விங்ட் ஃபுட்டில் கொண்டுவந்தது நல்ல திருத்தம்தான். கொஞ்சம் விலகியவருக்கும் நிறைய விலகியவருக்கும் ஒரே தண்டனை என்ற அநியாயம் அதில் குறைகிறது. ஆனால் அடிப்படைக் கணக்கு மாறுவதில்லை.

மெரியன் மைதானத்தைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. 2013 யுஎஸ் ஓபன் அங்கே 6,996 யார்டில் நடந்தது. ஃபேர்வே ஒடுக்கம், ரஃப் கடுமை. ஜஸ்டின் ரோஸ் பாருக்கு 1 மேலே போய் வென்றார், ஒருவரும் பாருக்குக் கீழே வரவில்லை. ஃபில் மிக்கல்சன் பையில் டிரைவரே வைக்காமல் ஆடி இரண்டாவது வந்தார். உண்மைதான். ஆனால் மெரியனைத் தனித்துவமாக்குவது ரஃப் மட்டுமல்ல. அங்கே 13-வது ஹோல் வெறும் 115 யார்டு, 3-வது ஹோல் 256 யார்டு, இரண்டுமே பார் 3. 10-வது ஹோல் 303 யார்டு பார் 4. 18-வது 521 யார்டு, அதுவும் பார் 4. அந்த மைதானத்தில் எந்த ஒரு ஆயுதமும் இரண்டு ஹோலுக்குச் சேர்ந்தாற்போல் உதவுவதில்லை. இதை அப்புறம் விரிவாகப் பேசுவோம்.

நீளத்தை நம்பியவர்கள்

நீளம் கூட்டியதில் புகழ்பெற்றது, ஆண்டுதோறும் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா மைதானம். 1997-ல் 6,925 யார்டில் டைகர் உட்ஸ் 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் மாஸ்டர்ஸ் வென்றார். பார் 5 ஆன 15-வது ஹோலுக்கு இரண்டாவது அடியாக வெட்ஜ் எடுத்தார். 2002-க்குள் மைதானம் 7,270 யார்டு ஆனது, 2006-ல் 7,445. 'டைகருக்குப் பூட்டு' என்று அப்போது பேசினார்கள். அந்த 2002 முதல் 2006 வரையிலான ஐந்து மாஸ்டர்ஸில் நான்கை உட்ஸும் மிக்கல்சனும் ஆளுக்கு இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். தூரம் அடிக்காத மைக் வியர் 2003-ல் வென்றது விதிவிலக்கு.

இன்னொரு விதிவிலக்கு இன்னும் முக்கியமானது. 2007-ல் ஜாக் ஜான்சன், பெரிய தூரம் அடிக்காதவர், பார் 5 ஹோல் ஒன்றில்கூட இரண்டாவது அடியில் கிரீனை நோக்கிப் போகவில்லை. பதினாறு தடவையும் முன்னாலேயே நிறுத்தி, வெட்ஜில் போட்டு, அந்த ஹோல்களில் மட்டும் 11 கீழே எடுத்தார். வென்ற ஸ்கோர் பாருக்கு 1 மேலே. அந்த வாரம் குளிரும் காற்றும். கிரீன்கள் கெட்டியாக இருந்தன. கிரீன் பந்தைப் பிடிக்காதபோது, 230 யார்டிலிருந்து இரும்பை நீட்டியவரைவிட 80 யார்டிலிருந்து வெட்ஜைச் சுழற்றியவர் கொடிக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்குக் கதவைத் திறந்தது தரையின் கெட்டித்தன்மை.

எரின் ஹில்ஸ் மைதானம் எதிர்ப்புறத்தைக் காட்டுகிறது. 2017 யுஎஸ் ஓபன், 7,741 யார்டு. காகிதத்தில் பயங்கரம். மழையில் நனைந்த கிரீன்கள் பந்தைப் பிடித்து நிறுத்தின. ப்ரூக்ஸ் கெப்கா 16 கீழே. ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட பிரையன் ஹார்மன் தூரமாக அடிப்பவரே அல்ல. அகலமான ஃபேர்வே அவரையும் வாழவைத்தது. நீளம் தூரம் அடிக்காதவரை முற்றாக ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தூரமாக அடிப்பவரை அது தடுப்பதில்லை என்றுதான் சொல்கிறேன்.

நீளத்துக்கு இன்னொரு விலை உண்டு, அது பணம். பின்னால் தள்ள நிலம் வேண்டும். 13-வது ஹோலின் டீயைப் பின்னுக்குக் கொண்டுபோக அகஸ்டா பக்கத்து கிளப்பின் நிலத்தையே வாங்கியது. 2023-ல் அந்த ஹோல் 35 யார்டு கூடி 545 ஆனது. எத்தனை கிளப்புகளால் முடியும்? செயின்ட் ஆண்ட்ரூஸில் பழைய மைதானத்துக்கு இடம் போதாமல், பக்கத்து மைதானங்களிலும் பயிற்சிப் புல்வெளியிலும் டீ போட்டிருக்கிறார்கள். பழைய டீயிலிருந்து புதிய டீக்கு நடக்கும் தூரம், பராமரிக்கும் புல், பாய்ச்சும் தண்ணீர், ஒரு சுற்று முடிய ஆகும் நேரம் எல்லாமே கூடும். ஆண்டில் ஒரு வாரம் வரும் 150 பேருக்காக மற்ற 51 வாரமும் கிளப் அந்தச் செலவைச் சுமக்கும்.

நீளம் கூட்டுவதில் பயனே இல்லையா? உண்டு, ஓரிரு ஹோல்களில். பார் 5 ஒன்றில் எல்லோரும் யோசிக்காமல் இரண்டாவது அடியில் கிரீனுக்குப் போனால், 30 யார்டு சேர்த்து அந்தத் தயக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். அகஸ்டா 13-ல் செய்தது அதுதான். அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். எல்லாப் பார் 4-ஐயும் 490 ஆக்குவதுதான் தவறு.

கெட்டித் தரை

தரை கெட்டியாக இருந்தால் இரண்டு இடத்தில் விளையாட்டு மாறுகிறது. ஃபேர்வேயில் விழுந்த பந்து ஓடுகிறது. கொஞ்சம் கோணம் தவறிய நீள அடி ஓடி ஓடி ரஃபுக்கோ மணல் பள்ளமான பங்கருக்கோ போய்ச் சேர்கிறது. கிரீனில் விழுந்த பந்து நிற்க மறுக்கிறது. ரஃபிலிருந்து சுழற்சி இல்லாமல் வரும் பந்து தாண்டி ஓடிவிடுகிறது. ரஃபின் கால் ஸ்ட்ரோக் விலை, புல்லை ஓர் அங்குலம்கூட வளர்க்காமலேயே ஏறிவிடுகிறது. கொடியை எந்தப் பக்கத்திலிருந்து அணுகுகிறோம் என்பதற்கும் அர்த்தம் வருகிறது. மெத்தென்ற கிரீனில் எந்தப் பக்கத்திலிருந்து அடித்தாலும் பந்து நின்றுவிடும். பங்கருக்குப் பின்னால் கொடியை ஒளித்து வைத்துப் பயனில்லை.

2006-ல் ஹாய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் ஓபன் இதற்கு என் முதல் சாட்சி. வறண்ட கோடையில் அங்குள்ள ராயல் லிவர்பூல் மைதானம் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. அன்றைய உலகின் பெரிய தூரக்காரர்களில் ஒருவரான உட்ஸ் நான்கு நாளும் சேர்த்து டிரைவரை ஒரே ஒரு தடவைதான் எடுத்தார். பங்கர்களுக்கு முன்னால் நீள இரும்பால் நிறுத்தி, அங்கிருந்து மறுபடி நீள இரும்பால் கிரீனைப் பிடித்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. டிரைவர் எடுக்கலாம், எடுத்தால் பந்து எங்கே ஓடும் என்று சொல்ல முடியாது. அவரே யோசித்து அதைப் பையில் வைத்தார். 18 கீழே வென்றார், சரி. இரண்டு ஸ்ட்ரோக் பின்னால் வந்தவர் கிறிஸ் டிமார்கோ, தூரத்துக்குப் பெயர் பெறாதவர். ஸ்கோர் குறைவாக இருந்ததால் அந்த மைதானம் தோற்றது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உலகின் சிறந்த ஆட்டக்காரர் தன் முழுத் திறமையையும் காட்ட வேண்டியிருந்தது.

பைன்ஹர்ஸ்ட் 2-ஆம் மைதானம் இன்னொரு பாடம். மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் 2010-11-ல் அங்கே இருந்த ரஃப் புல்லை எடுத்துவிட்டு மணலையும் காட்டுப் புல்லையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஃபேர்வே அகலமானது. ஓரம் போன பந்து மணலில் சுத்தமாகக் கிடக்கலாம், ஒரு புல் புதருக்கு அடியிலும் மாட்டிக்கொள்ளலாம். கவிழ்த்துப் போட்ட கிண்ணம் போன்ற கிரீன்களைச் சுற்றி ரஃப் இல்லை, ஒட்ட வெட்டிய புல்தான். தவறிய பந்து 20 யார்டு உருண்டு கீழே போய் நிற்கும். அங்கிருந்து புட்டர் எடுப்பதா, வெட்ஜில் மோதவிடுவதா, தூக்கிப் போடுவதா? அடர்ந்த ரஃப் ஒரே பதிலைக் கொடுக்கும் இடத்தில் ஒட்ட வெட்டிய புல் மூன்று பதிலைக் கொடுத்துக் குழப்புகிறது. 2024 யுஎஸ் ஓபனை அங்கே வென்றது டிஷாம்போ, ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றது மெக்கில்ராய், இருவருமே தூரக்காரர்கள். ஆனால் அந்தப் போட்டியை முடித்தது எது? 18-வது ஹோலில் பங்கரிலிருந்து 55 யார்டு அடி, அதற்கு முன் மெக்கில்ராய் தவறவிட்ட சின்னப் புட்டுகள் (குழிக்குள் உருட்டும் அடிகள்). விங்ட் ஃபுட்டில் பலத்தால் வென்றவர், பைன்ஹர்ஸ்டில் கை நுணுக்கத்தால் வெல்ல வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியது அதுதான்.

இந்த வழிக்கும் பலவீனம் உண்டு, பெரிய பலவீனம்: வானம். 2011-ல் காங்கிரஷனல் மைதானம் மழையில் ஊறியிருந்தது, மெக்கில்ராய் 16 கீழே போய் 8 ஸ்ட்ரோக்கில் வென்றார். எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. 2004-ல் ஷின்னகாக் ஹில்ஸின் 7-வது கிரீன் கடைசி நாளில் கையை மீறிக் காய்ந்து, ஒரு ஆட்டக்காரர் குழுவுக்கும் அடுத்ததற்கும் இடையே தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. யார் எந்த நேரத்தில் ஆடினார் என்பது ஸ்கோரைத் தீர்மானித்தால் அது போட்டியே அல்ல. கெட்டித்தன்மைக்கும் கிரீனின் வேகத்துக்கும் (பந்து அதில் உருளும் வேகம்) உள்ள வேறுபாட்டை மறப்பதால்தான் பெரும்பாலும் இந்த விபத்து நடக்கிறது. கிரீன் கெட்டியாக இருக்கட்டும், வேகம் ஒரு படி குறைவாக இருக்கட்டும். வேகம் அளவுக்கு மீறினால் சரிவான இடங்களில் குழி வைக்கவே முடியாது. அந்தக் கிரீனின் நல்ல மூலைகள் எல்லாம் வீணாகும்.

செலவு? நிலம் வாங்குவதோடு ஒப்பிட்டால் குறைவு. வடிகால், மணல் தூவுதல், தண்ணீரைக் கட்டுப்படுத்தல், கிரீன் ஓரப் புல்லை வெட்டும் எல்லையை மாற்றுதல். இவை எல்லாம் உறுப்பினர்களின் அன்றாட ஆட்டத்துக்கும் நல்லது. அகஸ்டாவில் ஃபேர்வேயைக் கிரீன் பக்கமிருந்து டீயை நோக்கி வெட்டுகிறார்கள். புல் எதிர்முகமாகச் சாய்ந்து பந்தின் ஓட்டத்தைக் குறைக்கிறது. தரை மெத்தென்று இருக்கும் இடத்தில் இதுவும் ஒரு வழிதான், ஆனால் அது தூரத்தை மட்டும் குறைக்கிறது, யோசனையைக் கூட்டுவதில்லை. வேறு வழியில்லாதபோது செய்யலாம்.

நீளத்தைக் கலப்பது

மெரியனைப் பற்றிப் பாதியில் நிறுத்தியது இதற்காகத்தான். தூரமாக அடிப்பவருக்கு மிகவும் பிடித்த மைதானம் எல்லா ஹோலும் ஒரே மாதிரி நீளமாக இருப்பது; டிரைவர், இரும்பு, டிரைவர், இரும்பு என்று தாளம் தப்பாமல் போகலாம். அந்தத் தாளத்தைக் குலைப்பவை சின்ன ஹோல்கள். ரிவியேரா மைதானத்தின் 10-வது ஹோல் 315 யார்டு பார் 4. டூரில் பாதிப் பேர் ஒரே அடியில் கிரீனைத் தொட்டுவிடலாம். கிரீன் குறுகல், குறுக்காகச் சாய்ந்தது, சுற்றிலும் மணல். தவறான பக்கத்தில் விழுந்தவர் அடுத்த அடியில் கிரீனில் நிறுத்த முடியாமல் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக அலைவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஜார்ஜ் தாமஸ் நூறாண்டுக்கு முன் போட்ட ஹோல் அது. தூரம் கூடக்கூட அதன் ஆபத்தும் கூடிக்கொண்டே போகிறது. அகஸ்டாவின் 12-வது, 155 யார்டு. ட்ரூனின் 'தபால் தலை' ஹோல், 123 யார்டு. சாகிராஸின் தீவுக் கிரீன், 137 யார்டு. மணிக்கு 120 மைல் கிளப் வேகத்தால் இந்த மூன்றிலும் ஒரு பயனும் இல்லை.

இதற்குப் புதிய மைதானம் கட்ட வேண்டியதில்லை. 2008 யுஎஸ் ஓபனில், டோரி பைன்ஸ் மைதானத்தில், 435 யார்டு பார் 4 ஆன 14-வது ஹோலை யுஎஸ்ஜிஏவின் மைக் டேவிஸ் கடைசி நாள் 267 யார்டுக்கு இழுத்து வைத்தார். முன்னால் இருந்த டீயைப் பயன்படுத்தினார், அவ்வளவுதான். மூன்று நாள் பழகிய ஹோல் நான்காம் நாள் புதிய கேள்வியோடு நின்றது. ஒரு பைசா செலவில்லை. பல குழுக்கள் பின்னால் புதிய டீ கட்டப் பணம் திரட்டிக்கொண்டிருக்கும்போது, முன்னால் இருக்கும் டீ சும்மா கிடக்கிறது.

இந்தப் பட்டியலில் ஹார்பர் டவுன் மைதானத்தையும் சேர்க்க வேண்டும். பீட் டை 1969-ல் போட்டது, நீளம் அதிகமில்லை, கிரீன்கள் மிகச் சின்னவை, ஃபேர்வேயின் தவறான பக்கத்தில் நின்றால் மரக்கிளை கொடியை மறைக்கும். சின்ன கிரீன் எல்லோருக்கும் கடினம்தான். ஆனால் நேராகவும் உயரம் பார்த்தும் அடிப்பவருக்குக் கொஞ்சம் குறைவான கடினம்.

அடைப்பதும் காத்திருப்பதும்

குறுக்குவழிகளை அடைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1979 யுஎஸ் ஓபனில், இன்வர்னஸ் மைதானத்தின் 8-வது ஹோலில் லான் ஹிங்கிள் பக்கத்து 17-வது ஃபேர்வே வழியாக அடித்துத் தூரத்தைக் குறைத்தார். மறுநாள் காலை ஆட்டக்காரர்கள் வந்தபோது டீக்குப் பக்கத்தில் ஒரு மரம் நின்றது. ராவோடு ராவாக நட்டிருந்தார்கள். ஹிங்கிள் அன்றும் அதே வழியில்தான் அடித்தார். 2021-ல் சாகிராஸின் 18-வது ஹோலில், தண்ணீருக்கு அப்பால் டிஷாம்போ அடிக்கப்போவதாகப் பேச்சு எழுந்ததும், அந்தப் பகுதியை எல்லைக்கு வெளியே என்று அறிவித்தார்கள். பார்வையாளர் தலையில் பந்து விழும் ஆபத்து இருந்தால் அடைப்பது கடமை. அதைத் தாண்டி, ஒருவர் கண்டுபிடித்த வழியை அவர் கண்டுபிடித்த பிறகு மூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 310-லிருந்து 330 யார்டு வரை மட்டும் ஃபேர்வேயைக் கழுத்துப் பிடித்தாற்போல் ஒடுக்குவதும் இதே வகைதான்: ஒருவருக்கு மட்டும் மூடிய கதவு, மற்றவருக்குத் திறந்த வெளி. ஒடுக்கித்தான் ஆக வேண்டுமென்றால், அங்கே துணிந்து போனவருக்குக் கொடி தெளிவாகத் தெரியும் கோணத்தைப் பரிசாக வையுங்கள்.

பந்தின் விதி மாறப்போகிறது. கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான யுஎஸ்ஜிஏவும் ஆர் அண்ட் ஏவும் 2023 டிசம்பரில் அறிவித்தபடி, பந்தைச் சோதிக்கும் கிளப் வேகம் மணிக்கு 120 மைலிலிருந்து 125 மைலாகும். அந்த வேகத்தில் பந்து 317 யார்டுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு அப்படியே இருக்கும். தொழில்முறை ஆட்டத்துக்கு 2028, மற்றவர்களுக்கு 2030 என்பது அப்போது சொன்ன காலம். மிகத் தூரமாக அடிப்பவர்களுக்கு 13 முதல் 15 யார்டு, டூரின் சராசரி ஆணுக்கு 9 முதல் 11 யார்டு குறையும் என்பது அவர்களின் மதிப்பீடு. இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் எண்களைக் கூர்ந்து பாருங்கள்: இருவருக்கும் இடையிலான இடைவெளி சுமார் நான்கு யார்டுதான் சுருங்குகிறது. 40 யார்டு இடைவெளி 36 ஆகும். பழைய மைதானங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். பின்னால் டீ கட்டும் அவசரம் குறையும். மைதானம் கேட்க வேண்டிய கேள்வியை விதிமாற்றம் கேட்டுவிடாது. உண்மையில், இந்த அறிவிப்பு வந்த பிறகும் பின் டீக்குப் பணம் போடுவது எனக்குப் புரியவில்லை.

யாருக்கு எது

நிலமில்லாத பழைய மைதானம் என்றால் முடிவு எளிது. நீளத்தை மறந்துவிடுங்கள். ஃபேர்வே 30 யார்டுக்குக் குறையாமல், ரஃப் மிதமாக. பணம் முழுவதும் வடிகாலுக்கும் கிரீன் ஓரங்களுக்கும். நான்கு நாளில் இரண்டு பார் 4-ஐயாவது ஒரு நாள் முன் டீயில் வையுங்கள்.

மணல் மண், காற்று, வறண்ட பருவம் எல்லாம் அமைந்த இடம் என்றால் அதைவிட அதிர்ஷ்டம் இல்லை. ஃபேர்வேயை இன்னும் அகலமாக்கலாம். 2022-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் கேமரன் ஸ்மித் 20 கீழே போனார் என்று பயப்பட வேண்டாம்.

களிமண், மழைப் பருவம், கெட்டித்தன்மை கனவாகவே இருக்கும் இடம்தான் கடினமானது. அங்கே ரஃபை வளர்க்கும் ஆசை வரும். அதற்குப் பதில் நீளக் கலவையை இன்னும் கூர்மையாக்குங்கள்: 130 யார்டுக்குக் குறைவான பார் 3 ஒன்று, உண்மையிலேயே நீளமான பார் 4 இரண்டு, ஒரே அடியில் எட்டிப் பிடிக்கும் பார் 4 இரண்டு, நடுவில் வளைந்து தண்ணீரைத் தாண்ட வேண்டிய பார் 5 ஒன்று. கிரீனின் பரப்பைக் கூட்டாமல், தனித்தனிப் படிகளாகப் பிரித்துக் குழி வையுங்கள்; மெத்தென்ற கிரீனில்கூட தவறான படியில் நின்றவருக்கு இரண்டு புட் உறுதியில்லை.

எந்த வகையானாலும், பணம் ஒதுக்குவதற்கு முன் குழு ஒரு மாலை நேரம் செலவு செய்ய வேண்டும். டிரைவர் எடுக்கும் 14 ஹோலிலும் டீயிலிருந்து 280 யார்டில் ஒரு குச்சி, 320-ல் ஒரு குச்சி நடுங்கள். இரண்டு இடத்திலும் நின்று கொடியைப் பாருங்கள், அடுத்த அடியை எங்கிருந்து ஆட ஆசைப்படுவீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பதினான்கிலும் 320 என்றே வந்தால், சரிசெய்ய வேண்டிய ஹோல்களின் பட்டியல் கையில் வந்துவிட்டது. நான்கைந்திலாவது 280 என்றோ, 'கொடி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது' என்றோ வந்தால், மைதானம் ஏற்கெனவே நல்ல நிலையில் இருக்கிறது, புல் வெட்டுபவரிடம் பேசினால் போதும்.